அரைக் கேத்தில் கரண்டில் ஓடும் கார்

சூரியக் கார் என்றதும் பலருக்கு மனதில் வருவது, சாதாரணக் கார் ஒன்றின் கூரையில் நாலு சோலார் பேனல் பூட்டிய படம். அப்படிப் பூட்டினால் கார் ஓடாது. தள்ளிக் கிள்ளி ஓடினாலும் திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியைத் தாண்டாது. ஏன் ஓடாது என்று விளங்கினால் சூரியப் பந்தயக் காரில் முக்கால்வாசி விளங்கிவிடும். அங்கேயே தொடங்குவோம்.

திருகோணமலையில் முகில் இல்லாத நாளில், நண்பகல் வெயில் ஒரு சதுர மீற்றர் நிலத்துக்குக் கொண்டுவரும் வலு ஏறத்தாழ 1000 வாட். நல்ல சிலிக்கன் கலம் அதில் 24 சதவீதம் அளவை மின்சாரமாக்கும். காரின் மேல் 4 சதுர மீற்றருக்குக் கலங்கள் பதித்தால் கிடைப்பது 4 × 1000 × 0.24, அதாவது 960 வாட். அதுவும் வெயில் உச்சியில் நிற்கும்போது மட்டும். வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிற மின்கேத்திலைத் தூக்கி அடியில் பாருங்கள்; பெரும்பாலும் 1500 வாட் அல்லது அதற்கு மேல் இருக்கும். நாலு ஸ்ட்ரோக் ஓட்டோ ஒன்றின் எஞ்சின் 7 முதல் 8 கிலோவாட் வரை தரும். ஓட்டோவில் எட்டில் ஒரு பங்கு வலுவை வைத்துக்கொண்டு, ஓட்டோவை விட வேகமாக, நாள் முழுக்க ஓட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ஓட்டுகிறார்கள்.

ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப் என்பவரும் கார்ப் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸும் 1982 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சூரிய வண்டி ஒன்றில் புறப்பட்டு, 20 நாளில் ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் கடந்து சிட்னியை அடைந்தார்கள். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாக தோல்ஸ்ட்ரப் 1987இல் ஒரு பந்தயத்தையே தொடங்கினார். வடக்கே டார்வினிலிருந்து தெற்கே அடிலெய்ட் வரை, நாட்டின் நடுவே ஏறத்தாழ 3000 கிலோமீற்றர். முதல் வருடம் ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியின் 'சன்ரேசர்' மணிக்குச் சராசரி 66.9 கிலோமீற்றரில் வென்றது. அதன்பின் பந்தயம் மெல்ல மெல்லப் பல்கலைக்கழக மாணவர்களின் கைக்கு வந்துவிட்டது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பானின் தொக்காய், பெல்ஜியத்தின் லூவன் என்று இன்று அந்தக் களத்தில் பெயர் எடுத்தவை எல்லாம் மாணவர் அணிகள்தான். டெல்ஃப்ட் மாணவர்களின் 'நூனா 3' 2005இல் சராசரி 102.75 கிலோமீற்றரில் ஓடியது. பொதுவீதியில் இவ்வளவு வேகம் கூடாது என்று பயந்தோ என்னவோ, விதிகள் இறுகின. முதலில் 8 சதுர மீற்றராக இருந்த பேனல் அளவு 6 ஆகியது, 2017இல் 4 ஆகியது. நான் மேலே 4 என்று எடுத்துக்கொண்டது அதனால்தான். பேனல் பாதியானதும் வேகமும் பாதியாகியிருக்க வேண்டுமே? 4 சதுர மீற்றரோடு 2019இல் வென்ற லூவன் மாணவர்களின் கார் சராசரி 86.6 கிலோமீற்றரில் ஓடியது.

அந்த இடைவெளியை நிரப்பியது வெயில் இல்லை. வெயில் எல்லாருக்கும் ஒன்றுதான். சூரியக் கார் கட்டுகிறவர்களின் நேரமும் காசும் மூளையும் வாட்டை மிச்சம் பிடிப்பதிலேயே போகின்றன. உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகள் முதலில் கேட்கிற கேள்வி, "சேர், இன்னும் ரெண்டு பேனல் கூட்டினா வேகம் கூடாதா?" என்பதுதான். கூடும், கொஞ்சம். ஆனால் அந்த இரண்டு பேனலைச் சுமக்கக் கார் நீள வேண்டும், அகல வேண்டும், பாரம் கூட வேண்டும். கூடின வாட்டில் ஒரு பங்கை அந்தப் பேனலே தின்றுவிடும்.

வாட் வேறு, யூனிட் வேறு

இதை ஒருக்கால் தெளிவாக்கிவிட்டுப் போவோம், பின்னால் குழம்பாது. வாட் என்பது ஒரு கணத்தில் எவ்வளவு வேகமாகச் சக்தி செலவாகிறது என்பது. மின்சார பில்லில் வருகிற யூனிட் என்பது மொத்தம் எவ்வளவு செலவாகியது என்பது. 1000 வாட் சாமான் ஒன்று ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். முகிலில்லாத நாளில், சூடு, தூசி, காலை மாலைச் சரிவு எல்லாம் கழித்துப் பார்த்தால் நம் 4 சதுர மீற்றர் பேனல் நாளொன்றுக்கு 5 யூனிட் அளவில் தரும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் இருக்கிற சக்தி ஏறத்தாழ 9 யூனிட். அதாவது இந்தக் காருக்கு ஒரு நாளைக்குக் கிடைப்பது அரை லீற்றரை விடச் சற்றுக் கூடுதலான பெற்றோலுக்குச் சமன். 2022இல் கியூஆர் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அரை லீற்றரின் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. (சீனன்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற ஊரில் அந்த வரிசை நின்றது என்பது தனிக் கதை.)

அந்த அரை லீற்றர் எங்கே போகிறது?

சமதரையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று காற்று, மற்றது ரயர்.

காற்றின் கணக்கு கொடுமையானது. வேகம் இரண்டு மடங்கானால் காற்று தள்ளுகிற விசை நாலு மடங்காகும். வலு என்பது விசையை வேகத்தால் பெருக்கியது. ஆகவே தேவைப்படும் வலு எட்டு மடங்காகும். இந்த எட்டு மடங்குதான் சூரியக் காரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. காற்றுத் தடையை இரண்டு விடயங்கள் நிர்ணயிக்கும்: காரை முன்னாலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பு, அதன் வடிவம் எவ்வளவு வழுக்கலானது என்று சொல்கிற ஒரு எண். சாதாரணக் காருக்கு அந்த எண் 0.3 அளவில் வரும், முன்பரப்பு 2 சதுர மீற்றருக்கு மேல். நல்ல சூரியக் காருக்கு எண் 0.1 பக்கம், பரப்பு 1 சதுர மீற்றர் பக்கம். பெருக்கிப் பார்த்தால் சாதாரணக் காரில் ஆறில் ஒரு பங்கு.

எண்களோடு பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 250 கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 72 கிலோமீற்றரில், அதாவது வினாடிக்கு 20 மீற்றரில், காற்றை விலக்க 480 வாட் வேண்டும். நல்ல ரயராக இருந்தால் உருள் தடைக்கு 200 வாட். மோட்டரிலும், அதற்குக் கரண்டை அளந்து விடுகிற கொன்ரோலரிலும் சூடாகப் போகிறதையும் சேர்த்தால் 715 வாட் சொச்சம். கேத்திலில் பாதிக்கும் குறைவு. சாதாரணச் சின்னக் கார் ஒன்று அதே வேகத்தில் போகச் சில்லில் மட்டும் 5 கிலோவாட்டுக்கு மேல் கேட்கும். இனி வேகத்தை 90 ஆக்குங்கள். வெறும் 18 கிலோமீற்றர்தான் கூட்டினோம். தேவை 1250 வாட்டுக்கு ஏறிவிட்டது. பேனல் 960க்கு மேல் தராது, மிச்சத்தைப் பற்றரி கொடுத்துக் காலியாகும்.

72இல் ஓடினால் 5 யூனிட்டுக்கு 7 மணித்தியாலம், ஏறத்தாழ 500 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வர ஏறத்தாழ 520 கிலோமீற்றர். ஏற்றம், இறக்கம், கந்தளாய்ச் சந்தி நெரிசல், ஹபரணையில் குறுக்கே வருகிற யானை எதுவும் இல்லை என்று வைத்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம். நூற்றுக்கு ஒரு மீற்றர் ஏறுகிற சின்ன ஏற்றம், கண்ணுக்கே தெரியாத ஏற்றம், அதே வேகத்தில் இன்னும் 490 வாட் கேட்கும். உவர்மலை ஏற்றத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

சூரியக் கார்கள் தட்டையாகவும் வால் நீண்டும் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். காரின் முன்பக்கம் காற்றைப் பிளப்பதை விட, பின்பக்கம் அதை அமைதியாகச் சேர்த்துவைப்பது கடினம். வால் சட்டென்று முடிந்தால் பின்னால் காற்று சுழன்று அங்கே அமுக்கம் குறையும். குறைந்த அமுக்கம் காரைப் பின்னுக்கு இழுக்கும். ஆகவே வால் மெதுவாகக் குறுகிப் போக வேண்டும். சில்லுகளை உடலுக்குள்ளோ தனி உறைக்குள்ளோ மூடிவிடுவார்கள். கண்ணாடி, கைபிடி, திருகாணித் தலை என்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற ஒவ்வொன்றுக்கும் வாட் கணக்கு உண்டு.

மீன் தராசும் ஃபைபர்க் கடையும்

காற்றுத் தடையை அளக்கக் காற்றுச் சுரங்கம் வேண்டும், அல்லது கணினியில் பாய்வுக் கணிப்பு செய்யத் தெரிய வேண்டும். ரயர்த் தடையை அளக்கச் சந்தையில் மீன் நிறுக்கிற தொங்கு தராசு ஒன்று போதும். எனக்குப் பிடித்த சோதனை இது. காரைச் சமதரையில், சீமெந்து நிலத்தில் நிறுத்தி, ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்து, முன்னால் ஒரு கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் தராசைக் கொளுவி, நடை வேகத்தில் மெதுவாக இழுக்க வேண்டும். கார் நகரத் தொடங்குகிற கணத்தில் முள் எகிறும். அதை விட்டுவிட்டு, சீராக உருளும்போது காட்டுகிறதை மட்டும் எழுத வேண்டும். பிறகு எதிர்த்திசையில் இழுத்து இரண்டுக்கும் சராசரி எடுத்தால் நிலத்தின் சரிவு கழிந்துவிடும். 250 கிலோ வண்டி 3 கிலோ காட்டினால் ரயர் சுமார். 1 கிலோ காட்டினால் உலகத் தரம்.

முள் கூடுதலாகக் காட்டினால் காரணம் தேட வேண்டும். காற்று குறைந்த ரயர், பிரேக் கட்டை லேசாக உரசுவது, போல் பெயாரிங்கில் கெட்டிக் கிரீஸ் என்று பல இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கள்வன், முன்சில்லு இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக நில்லாமல் இருப்பது. அரைப் பாகை உள்ளே திரும்பியிருந்தாலும் ரயர் உருளுவதோடு சேர்த்து உரசிக்கொண்டும் போகும். ஒரு நூலும் அடிமட்டமும் வைத்து இதைச் சரிசெய்துவிட்டுத் திரும்ப இழுத்துப் பார்க்கிறபோது முள் இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். எந்த விரிவுரையும் அதற்கு ஈடாகாது.

பாரத்தைப் பற்றி. ரயர்த் தடை பாரத்துக்கு நேர்விகிதம், ஏற்றத்தில் கேட்கிற வலுவும் அப்படித்தான். வெளிநாட்டு அணிகள் உடலைக் காபன் ஃபைபரில் செய்வார்கள். நமக்கு அந்த விலை கட்டாது. ஆனால் திருகோணமலைக்கு ஒரு வசதி இருக்கிறது: கண்ணாடி நார் விரிப்பும் (மட்) ரெசினும் கையில் பழகியவர்கள் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். மீன்பிடிப் படகு கட்டுகிற, உடைந்த படகை ஒட்டுகிற ஃபைபர்க் கடைக்காரருக்கு அச்சு எடுப்பது, மெழுகு பூசுவது, மட் விரித்து ரெசினை உருளையால் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுவது எல்லாம் கைவந்த வேலை. ஒரேயொரு சிக்கல், அவர் கடலுக்குக் கட்டிப் பழகியவர்.

"மூண்டு மட் போடாம நான் தர மாட்டன் தம்பி. நாளைக்கு உடைஞ்சா என்ட பேர் கெடும்."

"அண்ணே, இது கடலுக்குப் போறதில்ல. அலை அடிக்காது."

"றோட்டில பள்ளம் அடிக்காதோ?"

கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. பள்ளத்தின் அடியை வாங்குவது சில்லும், அதிர்வு தாங்குகிற தொங்கலும், உள்ளே இருக்கிற இரும்புக் குழாய்ச் சட்டமும். மேலே இருக்கிற ஓடு காற்றையும் பேனலையும் தாங்கினால் போதும். சதுர மீற்றருக்கு 450 கிராம் மட் ஒரு அடுக்கு, ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். ஓட்டின் மொத்தப் பரப்பு 12 சதுர மீற்றர் என்றால் ஒரு அடுக்குக்கு 18 கிலோ, மூன்று அடுக்குக்கு 54 கிலோ. ஒற்றை அடுக்கு வளைந்து நெளியும், அது உண்மைதான். அதற்கு வழி இன்னொரு அடுக்கு போடுவதில்லை. இரண்டு மெல்லிய அடுக்குக்கு நடுவே இலேசான நுரைப் பலகை ஒன்றை வைத்து ஒட்டுவது. தடிப்பு கூடினால் விறைப்பு வேகமாகக் கூடும், பாரம் கொஞ்சம்தான் கூடும். இரண்டு தோலும் தூர விலகி நிற்பதால் வருகிற பலன் அது. ஓடு செய்யுமுன் ஒரு முழ அகலத் துண்டு செய்து, இரண்டு கல்லின் மேல் வைத்து, நடுவில் ஒரு ஆளை ஏற்றிக் காட்டினால் ஃபைபர் அண்ணனும் ஒப்புக்கொள்வார். அவரே அதற்குப் பிறகு எங்கே நுரை வேண்டும், எங்கே திருகாணி பூட்டுவதற்குக் கெட்டி மட் வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

ஓட்டுநரின் பாரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒல்லியான பிள்ளையை உட்கார வைத்தால் வெல்லலாம் என்று பலர் நினைப்பார்கள். அவுஸ்திரேலியப் பந்தயத்தில் அது பலிக்காது. ஓட்டுநர் 80 கிலோவுக்குக் குறைவென்றால் குறைந்த அளவுக்குப் பாரம் கட்டிவிடுவார்கள். நல்ல விதி. பட்டினி கிடந்து கார் ஓட்டுகிறவர்கள் உருவாகாமல் அது காக்கிறது.

பேனல்: வெயிலைத் தவிர எல்லாமே பிரச்சினை

ஒரு சிலிக்கன் கலம் தருவது அரை வோல்டுக்குச் சற்று மேலே. ஆகவே பல கலங்களைத் தொடராகக் கோத்துத்தான் பயன்படும் அளவுக்கு வோல்ட் எடுக்க முடியும். தொடரில் ஒரு வில்லங்கம் உண்டு. கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து அடைத்தால் அதற்குக் கீழே உள்ள வயல் அத்தனைக்கும் தண்ணி குறைவது போல, கோவையில் ஒரு கலத்தின் மேல் நிழல் விழுந்தால் கோவை முழுவதின் ஓட்டமும் அந்தக் கலத்தின் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு தென்னோலை நிழல் போதும். நிழல் விழுந்த கலம் சும்மாவும் இருக்காது, மற்றவை தருகிற கரண்டில் சூடாகிக் கருகவும் கூடும். இதற்காகக் கோவையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் குறுக்கே ஒரு டயோட் வைப்பார்கள். அடைபட்ட பகுதியைத் தாண்டிக் கரண்ட் சுற்றிப் போக அது வழிவிடும். காரின் வளைந்த உடலில் இன்னொரு தொல்லை: ஒரு பக்கக் கலங்கள் சூரியனைப் பார்க்கும், மறுபக்கம் சரிந்து நிற்கும். ஒரே திசையைப் பார்க்கிற கலங்களை ஒரே கோவையில் போடுவதுதான் தீர்வு.

ஒவ்வொரு கோவைக்கும் ஒரு எம்.பி.பி.டி. கருவி இருக்கும். கூரையில் சோலார் போட்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்டிருப்பார்கள். பேனலிலிருந்து வோல்டைக் கூட்டி எடுத்தால் அம்பியர் குறையும், அம்பியரைக் கூட்டி எடுத்தால் வோல்ட் விழும்; இரண்டையும் பெருக்கினால் எங்கே உச்சம் வருகிறதோ அந்த இடத்தை இந்தக் கருவி தேடிக்கொண்டே இருக்கும். முகில் ஓடும்போது உச்சமும் இடம் மாறும், கருவியும் துரத்தும்.

வெயில் கூடினால் மின்சாரம் கூடும், சூடு கூடினால் குறையும். கலம் 25 பாகையைத் தாண்டி ஏறுகிற ஒவ்வொரு பாகைக்கும் 0.35 சதவீதம் அளவில் வலு விழும். நம் ஊர் நண்பகலில் நிறுத்தி வைத்த காரின் பேனல் 65 பாகைக்குப் போவது அதிசயமில்லை. 40 பாகை கூடுதல், 14 சதவீதம் நட்டம், 960 என்று கணக்குப் பார்த்த இடத்தில் கையில் 825. ஓடும்போது காற்று பட்டுக் குளிரும். நிற்கும்போது தண்ணி தெளிக்கலாம், நல்ல தண்ணி. கடலோர ஊரில் உப்புக் காற்று பேனலின் மேல் மெல்லிய படலமாகப் படியும், இணைப்பு வயர்களின் செம்பைப் பச்சையாக்கும். வெள்ளீயம் பூசிய வயரும், உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயும் போடாவிட்டால் ஒரு மழைக்காலம் தாங்காது.

நமக்குக் கிடைக்கிற ஒரு கொடை, சூரியனின் உயரம். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்னும், ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நட்ட தடிக்கு நிழல் இருக்காது. தட்டையாகப் படுத்திருக்கிற பேனலுக்கு அதைவிட என்ன வேண்டும்? அடிலெய்டை நெருங்குகிற அணிகளுக்கு அந்த வசதி இல்லை. அது தெற்கே 35 பாகையில். அங்கே ஓட்டம் காலை 8 முதல் மாலை 5 வரை. அதற்கு முன்னும் பின்னும் காரை நிறுத்தி, பேனலைக் கழற்றித் தூக்கிச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பற்றரிக்கு ஏற்றுவார்கள். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் என்று வருடக்கணக்காகப் பேசி, அது போய், இப்போது சூரிய மின்நிலையம் என்று வந்து நிற்பதும் இதே வெயிலை நம்பித்தான்.

பற்றரியும் மோட்டரும்

மோட்டரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. சில்லுக்குள்ளேயே பொருத்திய, தூரிகை இல்லாத மோட்டர். சங்கிலியும் பல்சக்கரமும் இல்லாததால் அவற்றின் இழப்பும் இல்லை. நல்லவற்றின் வினைத்திறன் 95 சதவீதத்துக்கு மேல். பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டர் டைனமோவாகி, கொஞ்சத்தைப் பற்றரிக்குத் திருப்பித் தரும்.

பற்றரிக்கு மட்டும் பயப்பட வேண்டும். 4 சதுர மீற்றர் விதி வந்த காலத்தில் லித்தியம் அயன் பற்றரிக்கு விதி அனுமதித்தது 20 கிலோ. அதில் 5 யூனிட் அளவு அடங்கும். இவ்வளவு சக்தி ஒரு பயணப் பெட்டி அளவில் அடைபட்டிருக்கிறது. ஒரு கலம் அளவுக்கு மீறி ஏறினாலோ சூடானாலோ தீ பக்கத்துக் கலத்துக்குத் தாவும். 2019 பந்தயத்தில் முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த டெல்ஃப்ட் மாணவர்களின் கார், அடிலெய்டை நெருங்கும்போது தீப்பிடித்து எரிந்துபோனது. ஓட்டுநர் பாதுகாப்பாக வெளியே வந்தார். ஒவ்வொரு கலத்தின் வோல்டையும், கலங்களுக்கிடையே பல இடங்களில் வெப்பத்தையும் கண்காணித்து, எல்லை தாண்டினால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற மின்சுற்றுப் பலகை இல்லாமல் இந்தப் பற்றரியைத் தொடவே கூடாது. பழைய லப்டொப் பற்றரியை உடைத்துக் கலம் எடுத்துக் கட்டுகிற வீடியோக்கள் நிறைய உலாவுகின்றன. வேண்டாம். முதல் காருக்கு லித்தியம் இரும்பு பொஸ்பேற் கலம் நல்லது; பாரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, இலகுவில் தீப்பற்றாது. ஒரு கலம் 3.2 வோல்ட், 16 கலம் தொடராக 51.2 வோல்ட். கடைகளில் 48 வோல்ட் என்று விற்கிற மோட்டரும் கொன்ரோலரும் அதற்குச் சரியாக வரும்.

எப்படி ஓட்டுவது

எட்டு மடங்குக் கணக்கை நினைவில் வைத்திருந்தால் பந்தய உத்தி தானாக வரும். பாதி நேரம் 60இலும் பாதி நேரம் 80இலும் ஓடுவதை விட முழு நேரமும் 70இல் ஓடினால் அதே தூரத்துக்குச் செலவு குறைவு. வேகமாக ஓடியபோது இழந்தது, மெதுவாக ஓடியபோது சேமித்ததை விடக் கூடுதல். ஆகவே நல்ல ஓட்டுநர் பார்க்கச் சுவாரசியமே இல்லாத ஓட்டுநர். வீரம் எல்லாம் பின்னால் வருகிற வான் வண்டியில், கணினியோடு உட்கார்ந்திருப்பவரிடம். முகில் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு விலகும், மாலை 5 மணிக்குப் பற்றரியில் எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்று பார்த்து, அடுத்த ஒரு மணித்தியாலத்துக்கு எந்த வேகம் என்று அவர் சொல்லுவார். முகிலுக்குக் கீழே கொஞ்சம் வேகமாகவும் வெயிலில் கொஞ்சம் மெதுவாகவும் ஓடுவது லாபம் என்பது கேட்கத் தலைகீழாகத் தோன்றும். வெயிலில் கூடுதல் நேரம் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

காற்றும் கணக்கில் வர வேண்டும், அதுவும் நம் பக்கத்தில். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து வறண்டு அடிக்கும். ஹபரணைப் பக்கம் போகிற காருக்கு அது எதிர்க்காற்று. வினாடிக்கு 5 மீற்றர் எதிர்க்காற்றில் 72 கிலோமீற்றர் ஓட, காற்றுக்கு மட்டும் 480க்குப் பதில் 750 வாட் கேட்கும். குச்சவெளி வீதியில் கடற்கரையோரம் வடக்கே போகிற காருக்கு அதுவே பக்கக் காற்று, அது இன்னும் ஆபத்து. இலேசான, தட்டையான, பெரிய இறக்கை போன்ற வண்டியை வீசுகாற்று தூக்கிவிடும். 2019இல் நெதர்லாந்தின் துவென்ற்றே மாணவர்களின் கார் முன்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்போது காற்று அடித்து வீதியை விட்டு விலகிப் புரண்டது. பாதுகாப்புக் கூண்டும் பல பட்டி உள்ள இருக்கைப் பட்டியும் ஏன் கட்டாயம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கார்

அவுஸ்திரேலியா பிறகு. இங்கே பள்ளிக்கூடம் ஒன்றோ கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்து நண்பர்களோ சேர்ந்து முதல் கார் கட்டுவதென்றால் எதிர்பார்ப்பை மணிக்கு 40 கிலோமீற்றரில் வையுங்கள். கண்ணாடியும் சட்டமும் உள்ள கூரைப் பேனல் ஒன்றே 20 கிலோவுக்கு மேல் வரும். அதை விட்டுவிட்டு 100 வாட் வளையும் பேனல் ஏழு வாங்கினால் மொத்தம் 14 கிலோ அளவில் 700 வாட். வடிவம் கொஞ்சம் பிழைத்து, சந்தையில் கிடைக்கிற ரயரே போட்டாலும் 40இல் ஓட ஏறத்தாழ 690 வாட்தான் வேண்டும். வெயில் உச்சியில் நிற்கும்போது பற்றரியைக் கொஞ்சம் மட்டும் தொட்டு ஓடலாம். சைக்கிள் சில்லு இலேசு, ஆனால் மூன்று சில்லு வண்டி சைக்கிள் போல வளைவில் சாயாது. பக்க விசை சில்லுக் கம்பிகளை முறிக்கும். மோட்டார் சைக்கிள் அல்லது ஸ்கூட்டர்ச் சில்லு நல்லது.

ஆட்களைச் சேர்க்கும்போது பௌதிகம் படித்தவர்களை மட்டும் சேர்க்க வேண்டாம். கணக்கு எழுத ஒருவர், கடிதம் எழுத ஒருவர் வேண்டும். பதிவில்லாத வண்டியைப் பொதுவீதியில் இறக்க முடியாது. ஆகவே மூடிய வளவிலோ மைதானத்தைச் சுற்றிய பாதையிலோ ஓட அனுமதி எடுக்க வேண்டும். அந்த அனுமதிக்கு நடக்கிற நடை, பல நேரம் மோட்டர் வாங்க நடக்கிற நடையை விட நீளமானது.

வேலையை மாதத்தோடு பொருத்திக்கொள்ளுங்கள். ஈரக் காற்றில் ரெசின் ஒழுங்காக இறுகாது, மேலே ஒட்டுப்பிசின் போல நிற்கும். ஐப்பசியில் மாரி தொடங்குமுன் அச்சும் ஓடும் முடிந்துவிட வேண்டும். மழை பெய்கிற மாதங்கள் உள்ளே இருந்து வயர் ஓட்டுவதற்கும், கலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கோப்பதற்கும், பெயாரிங் கழுவுவதற்கும் நல்லவை. மாசியில் வெயில் திரும்பியதும் பேனல் இல்லாமல், பற்றரியில் மட்டும் ஓட்டி, பிரேக்கும் திருப்பமும் சரியா என்று பாருங்கள். பேனலைக் கடைசியாகப் பூட்டுங்கள்; பங்குனிக் கடைசி போதும்.